கிள்ளான் மாத்திரை

கிள்ளான் ஊர் டாக்டர் கபிரியேல் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்து மூன்றாவது மாதம், ஒரு காலையில் நான் பாடிக்கொண்டே மாவரைத்தேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் வரிசை முழுக்கக் கதவுகள் திறந்தன. புஷ்பவல்லிக்குக் குரல் வந்துவிட்டதா என்று பார்க்க வந்தார்கள். வரட்டுமே! இரண்டு வருஷமாக என்னைச் சோம்பேறி என்று சொன்னதும் இதே கூட்டம்தான்.

சோம்பேறியாம்! கொளுத்துகிற வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்கினேன். முகம் ஊதிப்போனது, குரல் கரகரத்துக் கட்டிக்கொண்டது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, குழவியில் கை வைத்தபடியே தூங்கி விழுந்தேன். முருங்கைக்கீரை, இரும்புச்சத்து டானிக், சீனர் மருந்துக்கடைக் கடல்பாசி என்று என் மாமியார் பவுனம்மாள் எதையும் விட்டுவைக்கவில்லை. ஒன்றும் பலிக்கவில்லை. டாக்டர்தான் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உள்ளே ஒரு சுரப்பி தூங்குதும்மா. டானிக்குக்கெல்லாம் அது எழுந்திருக்காது. அது செய்ய வேண்டிய வேலையை இந்த மாத்திரை செய்யும். நிறுத்திடாதீங்க" என்றார்.

குரல் வந்த அன்றே, தைப்பூசத்துக்குப் பத்துமலைக் குகைக் கோயிலில் பால்குடம் எடுக்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். சந்தோஷம் தாங்கவில்லை. லட்டு பிடித்து எடுத்துக்கொண்டு, மாமியாரையும் அழைத்துக்கொண்டு ரயிலேறி டாக்டரைப் பார்க்கப் போனேன்.

"டாக்டர், இது எந்தச் செடியில செய்யறது? ஒரு கன்னு கிடைச்சா வீட்டுக்குப் பின்னால நட்டு வெச்சுக்குவேன்" என்றேன்.

அவர் லட்டை வாயில் போடப்போனவர் சிரித்துவிட்டார். "செடியா? ஆட்டோட கழுத்துச் சுரப்பிம்மா. அதைக் காயவெச்சு, பொடி பண்ணி, மாத்திரையா அடிச்சு சீமையிலிருந்து அனுப்புறாங்க."

முட்டைகூட வாசற்படி தாண்டாத வீடு எங்களுடையது. மாமியார் லட்டுப் பாத்திரத்தைக்கூட எடுக்காமல் வெளியே நடந்துவிட்டார். வீடு சேர்ந்ததும் குழாயடியில் என்னை உட்காரவைத்துத் தலையோடு தண்ணீர் ஊற்றினார். மாத்திரைப் புட்டியை விறகுக் கட்டுக்குப் பின்னால் தள்ளினார்.

"இதைத் தின்னுகிட்டு முருகனுக்குப் பால் தூக்குவியா நீ?"

எனக்கும் மனசு ஒப்பவில்லை. நிறுத்திவிட்டேன். விரதம் தொடங்கியது. இரண்டு வாரத்திலேயே கம்பளி பெட்டியை விட்டு வெளியே வந்தது. அடுத்த வாரம் விளக்கேற்றிப் பாட வாயைத் திறந்தால் பழைய கரகரப்பு. கண்ணாடியில் பார்த்தேன். இமை வீங்கியிருந்தது. அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயத்தில் அழுதேன். மறுபடியும் அந்தப் பாதித் தூக்கத்துக்குள் போய் விழுவதைவிட வேறெதுவும் எனக்குப் பயமாக இல்லை.

"பூசம் முடியட்டும், அப்புறம் ஆரம்பிச்சுக்கலாம் லா" என்றார் என் வீட்டுக்காரர், அம்மாவையும் பகைக்காமல் என்னையும் பகைக்காமல். ரயில்வே ஆபீசில் வேலை பார்க்கிறவர், இரண்டு பக்கமும் கொடி காட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே விறகுக் கட்டுக்குப் போய்ப் புட்டியை எடுத்து வந்தேன். முருகன் படத்துக்கு முன்னால் செம்புத் தண்ணீரோடு உட்கார்ந்தேன். மாமியார் ஓடி வந்தார்.

"அடி பாவி, சாமி முன்னாலயா!"

"சாமி முன்னாலதான் அத்தை. ஒளிஞ்சு திங்க இது திருட்டா? நாரதர் யாகத்துல ஒரு ஆடு கிளம்பி மூணு லோகத்தையும் முட்டுச்சே, அதைப் பிடிச்சு ஏறி உட்கார்ந்தது யாரு?"

சஷ்டிக்குச் சஷ்டி அந்தக் கதையைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர் என் மாமியார்.

"முருகனையே சுமந்தது ஆடு. என்னையும் மலை வரைக்கும் சுமக்கட்டும். குத்தம்னா அவர் என்னைக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்."

விழுங்கினேன். மாமியார் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அடுக்களைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து புட்டி சாமி மாடத்திலேயே இருந்தது. அவர் தொடவும் இல்லை, எடுக்கச் சொல்லவும் இல்லை. பூசம் நெருங்குவதற்குள் வீக்கம் வடிந்து குரலும் தெளிந்தது.

தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில் மேளமும் அரோகராவும் காதை அடைத்தன. தலையில் பால்குடம். மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் வந்து நின்றார்.

"நடுவழியில நீ உக்காந்துட்டா பால் என்னாவுறது? நான் பின்னாலயே வரேன்."

ஏறினேன். மரப்படிகள் காலுக்கடியில் அதிர்ந்தன. போன வருஷம் குழாயடிக்கும் சமையலறைக்கும் நடுவே மூச்சு வாங்கியவள் நான்! இப்போது கால்கள் தாமாகவே போயின. மேலே போகப் போக என் குரலும் ஏறியது. பக்கத்தில் வந்தவர்கள் என் அரோகராவுக்குப் பதில் குரல் கொடுத்தார்கள். பாதி தாண்டிய பிறகுதான் பின்னால் வந்த காலடிச் சத்தம் நின்றுபோனது தெரிந்தது. குடத்தைப் பிடித்தபடி மெல்லத் திரும்பினேன்.

மாமியார் கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"நிக்காதடி! போ, போ! பால் திரிஞ்சிடும்!" என்று கையை வீசினார். ஓரடி வைத்தேன். "புஷ்பம்!" என்று மறுபடியும் கூப்பிட்டார்.

"என்ன அத்தை?"

மூச்சு வாங்கிக்கொண்டே, சுற்றியிருந்தவர்கள் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார்: "அடுத்த தடவ கிள்ளானுக்குப் போறப்ப, எனக்கும் ஒரு ஆடு வேணும்னு அந்த டாக்டர்கிட்ட கேளு!"