சால்ட்பிட் ஆகாயத்தின் விடுதலை

மனிதகுலத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. நெவாடா மாநிலம், சால்ட்பிட் ஊருக்கு மேலே உள்ள ஆகாயம், கூரை மட்டத்திலிருந்து தொடங்கிக் கண்ணுக்கு எட்டிய உயரம் வரை, இனி சுதந்திரமானது. ஜூன் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, கொடிக்கு உறுதிமொழி சொல்லி முடித்து, காபி ஆறுவதற்குள் நகர மன்றம் இதை நிறைவேற்றியது. கையெழுத்துப் போடும்போது மேயர் ஹாலிஸ் ட்ராப் எழுந்து நின்றார். அவர் டயர் கடைக்காரர். முழங்கால் வலி காரணமாக, தேவாலயத்தில்கூட எழுந்து நிற்காதவர். இதிலிருந்தே விஷயத்தின் கனத்தை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த ஆகாயம் அதுவரை யாருக்கு அடிமைப்பட்டிருந்தது என்று கேட்பீர்கள். லொரெட்டா ப்ரூவிட்டுக்கு.

லொரெட்டாவுக்கு எழுபது வயது. அவள் கணவர் வெர்ன் எங்கள் ஜிப்சம் சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்தவர். சுரங்கத்தை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் அந்தச் செய்தி வெர்னின் மூளையிலிருந்து இரண்டு வருடத்துக்கு முன்பு அழிந்துபோயிற்று. திடீரென்று பூட்ஸை மாட்டுவார், சாப்பாட்டு டப்பாவை எடுப்பார், ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பாலைவனத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிடுவார். கதவைப் பூட்டினால் ஜன்னல் வழியாகப் போவார். ஃபோர்மேன் அல்லவா, வழி கண்டுபிடிக்கத் தெரியும். கோடையில் எங்கள் பாலைவனம் ஒரு மனிதனை மதியத்துக்குள் முடித்துவிடும். அதனால் மகள் லாஸ் வேகஸிலிருந்து ஒரு ட்ரோன் வாங்கி அனுப்பினாள். சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் பூச்சி. வெர்ன் காணாமல் போனால் லொரெட்டா அதை மேலே ஏற்றுவாள், போனில் பார்ப்பாள், காரை எடுத்துப் போய்க் கூட்டி வருவாள். குளிர்காலம் முழுவதும் இது சிக்கலில்லாமல் நடந்தது.

சிக்கல் மேஜர் கிரெய்க் லண்ட்கிரென் வடிவில் வந்தது.

மேஜர் எங்கள் ஊரை ஒட்டிய விமானப்படைத் தளத்தில் வேலை பார்க்கிறார். ஊரில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, எங்கோ ஒரு தேசத்தில் யார் எந்த வாசல் வழியாக வெளியே வருகிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார், யாரோடு பேசுகிறார் என்று ட்ரோன் வழியாக மேலேயிருந்து பார்ப்பார்கள். சில நாட்களில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் பால் வாங்கி வருவார்கள். நல்ல மனிதர்கள். மேஜரும் நல்லவர்தான்; பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறி ஓடு மாற்றிக் கொடுப்பவர்.

ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் வெர்னைத் தேடிக்கொண்டிருந்த லொரெட்டாவின் ட்ரோன் மேஜரின் கொல்லைப்புறத்தைக் கடந்து போயிற்று. மேஜர் அங்கே மகளுடைய பிளாஸ்டிக் குளத்தில், உள்ளாடையோடு, ஓய்வாகப் படுத்திருந்தார். மேலே நிமிர்ந்து பார்த்தார். அந்த வினாடியில் அவருக்குள் ஒரு குடிமகன் விழித்துக்கொண்டான்.

நகர மன்றத்தில் யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம். கோழி வடிவ சமையல் கடிகாரம் ஒன்று நேரம் பார்க்கும். மேஜர் சீருடையில் வந்திருந்தார்.

"நான் என் வீட்டுக் கொல்லையில இருக்கேன். மேல ஒண்ணு சுத்துது. யார் பாக்கறாங்க, தெரியாது. எதுக்குப் பாக்கறாங்க, தெரியாது. ஒரு ரீங்காரம் மட்டும் கேக்குது. நான் என்ன தப்பு செஞ்சேன்? என் பொண்ணுக்கு ஒம்பது வயசு. இப்ப வானம் தெளிவா இருந்தா வெளிய வெளையாடவே மாட்டேங்கறா. மேகமா இருந்தாத்தான் போறா. ஒரு தகப்பனா நான் உங்களைக் கேக்கறேன், இப்படி ஒரு வானத்துக்குக் கீழ எந்த மனுஷன் வாழ முடியும்?"

அரங்கம் அதிர்ந்தது. அதிகமாகக் கைதட்டியவர்கள் பின்வரிசையில் இருந்த தளத்து ஆட்கள். கைதட்டி முடித்து, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்கள். அவர்கள் பார்க்கும் தேசத்தில் அப்போதுதான் பொழுது விடிந்துகொண்டிருந்தது.

லொரெட்டா எழுந்தாள். "மேஜர், நான் உங்களைப் பாக்க வரல. வெர்னைத் தேடி வந்தேன். நீங்க வயித்து மேல ஹாட் டாக் வெச்சுட்டுத் தூங்கிட்டிருந்தீங்க. அதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

"அது ஹாட் டாக் இல்ல மேடம், பிராட்வர்ஸ்ட். ஜெர்மன் சாஸேஜ்."

"பதிவுல திருத்திக்கங்க" என்றார் மேயர்.

"பாத்தீங்களா?" மேஜர் மன்றத்தைப் பார்த்துத் திரும்பினார். "அவ்வளவு உயரத்துலேருந்து என் சாப்பாடு வரைக்கும் பாத்திருக்காங்க. ஆனா என்னன்னு தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. இதுதான் இதுல உள்ள ஆபத்து. மேலேருந்து பாக்கறவங்களுக்கு எல்லாம் தெரியற மாதிரி இருக்கும். உறுதியா எதுவும் தெரியாது."

இதைச் சொல்லிவிட்டு அவர் குனிந்து தன் சீருடையைப் பார்த்துக்கொண்டார். காபி சிந்திவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். யாரோ கைக்குட்டை கொடுத்தார்கள்.

"சரி, தடை போடுங்க" என்றாள் லொரெட்டா. "வெர்னைத் தேடறதுக்கு மட்டும் விட்டுடுங்க. இது இல்லேன்னா அவர் செத்துடுவாரு ஹாலிஸ். நான் சும்மா சொல்லல."

"லொரெட்டா, உன் மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு உனக்கே தெரியும்" என்றார் மேயர். மேயர் இப்படித் தொடங்கினால் காரியம் கெட்டது என்று அர்த்தம். "ஒருத்தருக்கு விலக்குக் குடுத்தா எல்லாரும் வரிசையில நிப்பாங்க. தேசப் பாதுகாப்புக்கு மட்டுந்தான் விலக்கு."

"அப்ப, நான் என் புருஷனைப் பாக்கக் கூடாது. இவங்க ஊர் உலகத்துல உள்ள எல்லார் புருஷனையும்..."

கோழி கூவிவிட்டது.

மேஜர் கடைசியாக ஒரு பிரிவைச் சேர்க்கச் சொன்னார். வழக்குப் போட யாரும் புகார் கொடுக்க வேண்டியதில்லை. ட்ரோன் பறந்ததே குற்றம். ஏன் என்று மேயர் கேட்டார். "பாக்கப்படறவனுக்குத் தன்னைப் பாக்கறாங்கன்னே தெரியாது ஸார். அவன் எங்க வந்து புகார் குடுப்பான்?" என்றார் மேஜர். அனுபவஸ்தர் சொல்வதை மறுக்க முடியுமா? ஒருமனதாக நிறைவேறியது.

ஜூலையில், வெயில் நூற்றுப் பதினான்கு டிகிரி காய்ந்த ஒரு நாள் காலை, வெர்ன் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனார்.

மேஜருக்குத்தான் முதலில் தகவல் போயிற்று. குறை சொல்ல முடியாது, அன்று விடுமுறையில் இருந்தும் மனிதர் உடனே வந்தார். ஜீப்பின் முன்பகுதியில் வரைபடத்தை விரித்தார். பாலைவனத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். லொரெட்டாவின் வீடு இருக்கும் எங்கள் தெருவின் மேல் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, "இது பாத்தாச்சு" என்றார்.

"யார் பாத்தது?" என்று கேட்டார் டூலி. எங்கள் ஊருக்கு உள்ள ஒரே போலீஸ்காரர்.

"நான் இங்கதான குடியிருக்கேன்" என்றார் மேஜர்.

ஊரே பாலைவனத்துக்குள் இறங்கியது. வரிசையாக, கை நீட்டினால் தொடும் தூரத்தில், மேஜர் சொன்ன ஒழுங்கில் நடந்தோம். இவ்வளவு நேர்த்தியான தேடலை நான் பார்த்ததில்லை. இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அவர்களைக்கூடக் கட்டம் எண் சொல்லித்தான் தூக்கி வந்தார்கள்.

லொரெட்டா தளத்துக்குப் போன் செய்தாள். பணியிலிருந்த அதிகாரி மிகவும் மரியாதையாகப் பேசினாராம்.

"மேடம், உங்க கணவர் அமெரிக்கக் குடிமகனா?"

"பொறந்ததே இந்த நெவாடாவுல, எல்கோவுல தம்பி."

"அப்படின்னா எங்களால பாக்க முடியாது மேடம். நாட்டுக்குள்ள நம்ம ஜனங்களைப் பாக்க எங்களுக்கு அனுமதி கிடையாது. அவர் வெளிநாட்டுல எங்கயாவது தொலைஞ்சிருந்தா..."

"கலிபோர்னியா பரவால்லையா?"

"அதுவும் நாட்டுக்குள்ளதான் மேடம் வருது."

"வேற வழியே இல்லையா?"

"ஷெரிஃப் மாநிலத்தைக் கேக்கணும், மாநிலம் வாஷிங்டனைக் கேக்கணும். போன வருஷம் காட்டுத்தீயைப் பாக்கறதுக்குக் கேட்டாங்க. வந்துச்சு மேடம், அனுமதி."

"எப்ப?"

"தீ அணைஞ்சப்புறம்."

லொரெட்டா போனை வைத்தாள். குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்து ட்ரோனை எடுத்தாள். வாசலுக்கு வந்து, ஒளிவுமறைவில்லாமல், நகர மன்றத் தீர்மானம் ஒட்டியிருந்த கம்பத்துக்குப் பக்கத்திலேயே நின்று மேலே ஏற்றினாள். பாலைவனப் பக்கம் திருப்பும் முன்பே போன் திரையில் வெர்ன் தெரிந்துவிட்டார். இரண்டு வீடு தள்ளி, மேஜரின் கொல்லைப்புறத்தில், பிளாஸ்டிக் குளத்தில், பூட்ஸோடு, சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேஜரின் மனைவியும் மகளும் கோடைக்கு ரீனோ போயிருந்தார்கள். வேலிக்கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். உள்ளே போனவர் அடைபட்டுக்கொண்டார். குளத்து நீர் வெந்நீராகியிருந்தது. வெர்னின் முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கதை முடிந்திருக்கும் என்று பிறகு மருத்துவர் சொன்னார்.

மேஜர் தலையிலிருந்து கால்வரை உப்புப் புழுதியோடு வந்து சேர்ந்தபோது, லொரெட்டா ஈரத்துண்டை வெர்னின் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். இறக்க மறந்த ட்ரோன் மேலேயே நின்று ரீங்கரித்தது. வெர்ன் அதைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"ஏன் ஆட்டறாரு?" என்று கேட்டார் மேஜர்.

"எப்பவும் ஆட்டுவாரு" என்றாள் லொரெட்டா. "அது நான்தான்னு அவருக்குத் தெரியும்."

மேஜர் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"என்ன மேஜர்?" என்றார் டூலி.

"ஒண்ணுமில்ல. யாரும் கை ஆட்டி நான் பாத்ததில்ல."

டூலி தொப்பியைக் கழற்றி மாட்டினார். நல்ல மனிதர், கடமை வந்தால் தொப்பியை நோண்டுவார். "லொரெட்டா, கேக்காம இருக்க முடியல. நீதான் பறக்கவிட்டியா?"

"இல்ல டூலி, வெயில் தாங்காம அதுவா மேல போயிடுச்சு."

அடுத்த செவ்வாய்க்கிழமை மன்றம் கூடியது. மேஜர் இந்த முறை சீருடையில் வரவில்லை. லொரெட்டா மேல் போட்ட வழக்கைக் கைவிடுங்கள், அத்துமீறப்பட்டது என் கொல்லைதான், எனக்குப் புகார் இல்லை என்றார்.

"உங்க புகார் தேவையில்லன்னு நீங்கதான எழுத வெச்சீங்க" என்றார் மேயர்.

"அப்ப சட்டத்தைத் திருத்துங்க. நான் அன்னிக்குச் சொன்னது தப்பு."

"எது தப்பு?"

மேஜர் யோசித்தார். கோழி டிக்டிக்கென்று ஓடியது. "சொன்னது தப்பில்ல" என்றார் கடைசியில். "சொன்ன இடம் தப்பு."

யாருக்கும் புரியவில்லை. கோழி கூவியது. மேயருக்குக் கண் கலங்கியிருந்தது. "மேஜர், அன்னிக்கு உங்க பேச்சைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போய் என் பொண்டாட்டிகிட்ட அழுதேன். அந்தப் பேச்சுக்குத் துரோகம் பண்ணச் சொல்லாதீங்க" என்றார். திருத்தம் நாலுக்கு ஒன்று என்று தோற்றது. வெர்ன் முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் கை தூக்கியபோது தானும் தூக்கினார்.

ட்ரோன் பறிமுதல் செய்யப்பட்டு நகர மன்ற அலமாரியில் இருக்கிறது. வெர்ன் கழுத்தில் லொரெட்டா ஒரு மாட்டு மணி கட்டியிருக்கிறாள்.