செத்துப் பிழைத்த இசக்கியம்மாள்

'கிளிப்பச்சை' என்கிற பேய்ப்படம் மயிலாப்பூர் லஸ் பக்கத்துத் தியேட்டரில் ஓடிய நாளெல்லாம், தியாகராய நகரில் இசக்கியம்மாள் காட்சிக்கு ஒரு தடவை செத்துப் பிழைத்தாள். பேச்சுக்குச் சொல்லவில்லை. மேட்னியில் பாடை வருகிற இடம் வந்ததும், கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தவள் இருந்த இடத்திலேயே சாய்வாள். மூச்சு நிற்கும், நாடி அடங்கும், கைகால் ஜில்லிட்டுப் போகும். ஒரு காப்பியை ஆற்றிக் குடிக்கிற நேரம் கழித்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்து, விட்ட இடத்திலிருந்து மடிப்பைத் தொடருவாள். ஃபர்ஸ்ட் ஷோவுக்கு அடுப்படியில் சாவாள். செகண்ட் ஷோவுக்குத் தூக்கத்திலேயே காரியம் முடிந்துவிடுவதால் அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. ராயப்பேட்டையில் தனியாக வைத்தியம் பார்த்துவந்த ஒரு டாக்டர் முதல் தடவை அவளைச் சோதித்து, உயிர் போய்விட்டது என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். திரும்பி வந்தபோது பிணம் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. மறுநாளிலிருந்து அவர் சளி, காய்ச்சல் தவிர வேறு எதுவும் பார்ப்பதில்லை என்று போர்டு எழுதி மாட்டிவிட்டார்.

இது நடந்தது எழுபத்தொன்றாம் வருஷம். இசக்கியம்மாளின் புருஷன் அய்யாதுரை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தான். சினிமாக் கம்பெனிகளுக்குப் புடவை வாடகைக்கு விடுவதும் உண்டு. நேர்மையான ஆள், உழைப்பாளி, ஆனால் சிரிக்கமாட்டான். கல்யாணத்தன்று மாப்பிள்ளை முகத்தைப் பார்த்து, யார் வீட்டில் துக்கம் என்று விசாரித்தவர்கள் உண்டு. அவனிடம் புடவை கேட்டு வந்தவர்தான் டைரக்டர் மாணிக்கவாசகம். இரண்டு பக்திப் படம் எடுத்து, இரண்டிலும் சாமி கைவிட்டதால் பேயைப் பிடித்துக்கொண்டவர். "பேய்னா வெள்ளைப் புடவைதான் கட்டணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? நம்ம வீட்டுப் பொம்பளை மாதிரி கிளிப்பச்சை கட்டிக்கிட்டு, ரசம் வெச்சுக்கிட்டு வரட்டும். அப்பத் தெரியும் பயம்னா என்னன்னு" என்பது அவர் கட்சி. அடையாறு ஆற்றங்கரையில் பாழடைந்த பங்களா ஒன்றை வாடகைக்குப் பிடித்துப் படம் எடுத்தார். பிணமாகப் படுக்கவேண்டிய நடிகை, பாடை நிஜமாகவே சுடுகாட்டு ஆட்கள் கட்டியது என்று தெரிந்ததும் டாக்ஸி பிடித்து ஓடிவிட்டாள். புருஷனோடு புடவை மூட்டை கொண்டுவந்திருந்த இசக்கியம்மாளை எல்லோரும் பார்த்தார்கள். அவளுக்கு எதிலும் பயம் கிடையாது. "சும்மா படுக்கதுதான? படுத்துட்டாப் போச்சு" என்று கிளிப்பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு பாடையில் ஏறிப் படுத்துவிட்டாள்.

கோடம்பாக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர்கள் ஷாட் முடிந்ததும் எழுந்து, அதே காமிராவைப் பார்த்துச் சிரிக்கவேண்டும். அந்தச் சிரிப்பு படத்துக்கு இல்லை. நடந்தது நடிப்புத்தான், நிஜமில்லை என்று எமனுக்குத் தெரியப்படுத்தி, திருஷ்டி கழித்து, அந்த ஃபிலிம் துண்டை வெட்டித் தூரப் போட்டுவிடுவார்கள். காமிராமேன் ஷரஃபுதீன் ராயப்பேட்டைக்காரர், ஐந்து வேளை தொழுகிறவர். ஆனாலும் இந்தச் சிரிப்பை எடுக்காமல் காமிராவை மூடமாட்டார். அன்றைக்கும் "சிரிம்மா" என்றார். சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை அந்த பங்களா கண்டதில்லை. பாடை கிறீச்சிட, கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்லை என்று சொல்லிவிட்டாள். ஃபிலிம் கிடைக்காத காலம் அது. எடிட்டிங்கில் அந்தத் துண்டைப் பார்த்த மாணிக்கவாசகத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. தூக்கிப்போட மனசு வராமல், பிணம் பாடையில் எழுந்து சிரிப்பதாகவே படத்தில் ஒட்டிவிட்டார். ஷரஃபுதீன் பதறிப்போய் எடிட்டிங் ரூமுக்கே ஓடினார். "இன்னா நைனா வேலை பண்ணிக்கினு கீறே? எமனுக்குக் குடுக்க வேண்டிய ரசீதை எடுத்துப் போஸ்டரா ஒட்டினா, அந்தம்மா கதி இன்னா ஆவுறது?" மாணிக்கவாசகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பணமும் ஃபிலிமும் தீர்ந்து ஒரே ஒரு பிரிண்ட்தான் போட முடிந்தது. அந்த மட்டுக்கும் இசக்கியம்மாள் புண்ணியம் செய்தவள்.

படம் வந்தது, பட்டணம் ஆடிப்போயிற்று. வெள்ளைப் புடவையும் விரித்த தலையும் பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு, ரசம் தாளித்த கையோடு செத்துப்போய், நெற்றியில் குங்குமத்தோடு எழுந்து, பக்கத்து வீட்டு மாமி மாதிரிச் சிரிக்கிற பேயைத் தாங்க முடியவில்லை. சிரிப்பு வந்த மாத்திரத்தில் எழுந்து ஓடியவர்கள் விட்டுப்போன செருப்பைத் தியேட்டர்காரர்கள் கூடையில் அள்ளினார்கள். வாசலில் எலுமிச்சம்பழமும் விபூதிப் பொட்டலமும் விற்றன. ஊரில் ஒருவரும் கிளிப்பச்சை கட்டுவதில்லை. கொடியில் காய்ந்தால் கூட எதிர்வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். மயிலாப்பூரில் நிஜச் சாவு விழுந்த வீடுகளிலும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு காப்பி நேரம் காத்திருந்துதான் பிணத்தை எடுத்தார்கள். இதையெல்லாம் விடப் பெரிய அதிர்ச்சி ஆண்பிள்ளைகளுக்கு. அடுக்களைக்குள் பெண்கள் சேர்ந்து சிரித்தால் கூடத்தில் இருந்தவர்கள் பேப்பரைப் போட்டுவிட்டுத் திண்ணைக்குப் போனார்கள். சிரிக்காதே என்று அதட்டிப் பார்த்தார்கள். பெண்களுக்கோ அந்தப் பயம் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. புருஷன் குரலை உயர்த்தினால் ஒரு சிரிப்பு. ஆள் செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார்.

இப்படியே விட்டால் குடித்தனம் உருப்படாது என்று ஸ்ரீரங்கன் கிளம்பினார். ரிடையரான பெரிய உத்தியோகஸ்தர், மயிலாப்பூர் மாடவீதிக்காரர். "சுமங்கலிப் பொணம் சிரிக்கறதாவது! எங்காத்துல நாலு நாளா அவ சிரிச்சுண்டே பரிமாறறா, சாதம் இறங்க மாட்டேங்கறது" என்று கூட்டம் போட்டார். சிரிப்பை வெட்டவேண்டும் என்று மனு எழுதி, ஊர்வலம் போனார்கள். ராயப்பேட்டையிலிருந்து ஹனீஃபா என்கிற தோல் வியாபாரியும் ஆட்களோடு வந்து சேர்ந்துகொண்டார். அவர் வீட்டிலும் அதே கதைதான். ஆனால் மனுவின் முதல் கையெழுத்து அய்யாதுரையுடையது. அவன் கணக்கு வேறு. தினம் தினம் பெண்டாட்டி சில்லிட்டுக் கிடப்பதை அவனால் பார்க்க முடியவில்லை. அந்தச் சிரிப்புக்குத்தான் கூட்டம் வருகிறது, அதை எடுத்துவிட்டால் படம் படுத்துவிடும், அவளும் பிழைத்துவிடுவாள் என்று நம்பினான். இசக்கியம்மாள் படித்துப் படித்துச் சொன்னாள். "ஏங்க, நான் சொல்லுதத கேளுங்க. என்னயக் கொல்லுதது பாடை. எழுப்பி விடுதது அந்தச் சிரிப்புதான். அத வெட்டிப்புட்டா நான் எப்பிடி எந்திரிப்பேன்?" அவனோ, "ஏட்டி, செத்துப்போறவளுக்கு என்ன தெரியும்? சும்மா கெட" என்று சொல்லிவிட்டான். அந்த வார்த்தையை நினைத்து அவன் பிற்பாடு பட்ட வேதனை கொஞ்சமில்லை.

உத்தரவு வந்தது. சிரிப்பை வெட்டி, வெட்டின துண்டையும் அதிகாரிகள் வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று மேட்னிக்கு இசக்கியம்மாள் கடையில் சாய்ந்தாள். காப்பி நேரம் ஆயிற்று. இரண்டு காப்பி, மூன்று காப்பி. அவள் எழுந்திருக்கவில்லை. கடைக்கு வந்திருந்தவர்கள் முதலில் சாதாரணமாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒருத்தி அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓவென்று அலறினாள். பொழுது சாய்ந்துவிட்டதால் காலையில்தான் எடுக்கவேண்டும் என்று பெரியவர்கள் சொல்ல, சந்து முனையில் மூங்கில் வந்து இறங்கியது. அய்யாதுரை அவள் தலைமாட்டில் கல்லாக உட்கார்ந்திருந்தான். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அவன் முகத்துக்கு வேறு முகம் தெரியாது. அப்போது ஷரஃபுதீன் சைக்கிளில் வந்து இறங்கினார். அவனைத் தோளில் பிடித்து உலுக்கினார். "முதலாளி, ஃபர்ஸ்ட் ஷோ ஆரம்பிச்சுட்டான். பாடை சீன் வந்து முடியுற நிமிஷம் அங்கே ஒரு சிரிப்பு வேணும். யார் சிரிச்சா இன்னா, எமன் என்னா வந்து அடையாளம் பாக்கப் போறானா? ஏறு சைக்கிள்ல!"

தியேட்டரில் கூட்டம் நிரம்பி வழிந்தது, ஆனால் ஒரு இருமல் சத்தம் கூட இல்லை. சிரிப்பு இல்லாத படம் எப்படி இருக்கும் என்று பார்க்க வந்தவர்கள். பாடை வந்தது. ஒப்பாரி முடிந்தது. திரை ஒரு துள்ளுத் துள்ளி, சுடுகாட்டுக்குத் தாவியது. அந்தத் துள்ளலில் அய்யாதுரை திரைக்கு முன்னால் ஏறி நின்று, வாயைத் திறந்து சிரித்தான். அதாவது, சிரிக்கப் பார்த்தான். முப்பத்தெட்டு வயதுவரை செய்யாத காரியம் நினைத்தவுடன் வந்துவிடுமா? வெளிச்சம் முகத்தில் அடிக்க, கண் பிதுங்க, தொண்டையிலிருந்து என்னமோ ஒரு காற்றுத்தான் புஸ் புஸ்ஸென்று வந்தது. அவனுக்கே அது கேட்டது. பெண்டாட்டி போய்விட்டாள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, அங்கேயே உட்கார்ந்துவிட்டான். தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "யோவ் பெருசு, சிரிப்பாயா இது? சைக்கிளுக்குக் காத்து அடிக்கிற மாதிரி கீதே!" ஒருத்தன் சிரித்தான். பெஞ்சு சிரித்தது. மேலே சோபா டிக்கெட் சிரித்தது. பயந்து பயந்து வாரக்கணக்கில் நெஞ்சில் அடைத்து வைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு, தியேட்டரே கொல்லென்று சிரித்தது. அதே நிமிஷம் தியாகராய நகரில், மூக்கில் பஞ்சு வைத்த இசக்கியம்மாள் எழுந்து உட்கார்ந்து, எண்ணூறு பேர் சிரிப்பையும் ஒரே வாயால் சிரித்தாள். அதில் கிழவர் இருமல் இருந்தது, குழந்தைகள் கீச்சுக்குரல் இருந்தது, வெற்றிலை வாய்கள் இருந்தன. சுற்றி அழுதுகொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் சந்து முனையைத் தாண்டி ஓடினார்கள். மூங்கில்காரன் மூங்கிலைக் கூட எடுக்கவில்லை.

விஷயம் அன்று செகண்ட் ஷோவுக்குள்ளேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதன்பிறகு எந்தத் தியேட்டரில் போட்டாலும், திரை துள்ளுகிற இடத்தில் ஜனங்கள் சேர்ந்து சிரித்துவிட்டுப் போனார்கள். அந்தம்மாவுக்கு நம்மாலானது என்று சிரிப்பதற்காகவே டிக்கெட் வாங்கியவர்களும் உண்டு. ஸ்ரீரங்கன் இரண்டு தடவை வந்ததாகச் சொல்கிறார்கள், அவர் மறுத்துவிட்டார். அய்யாதுரை மட்டும் யாரையும் முழுதாக நம்பவில்லை. பிரிண்ட் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போனான். பாடை வரும்போது தலையைக் குனிந்துகொள்வான். பிணமாகக் கிடக்கிறவளை ஒரு தடவை கூட அவன் ஏறிட்டுப் பார்த்ததில்லை. துள்ளல் சத்தம் கேட்டதும் பக்கத்தில் இருப்பவர்களைச் சிரிக்கச் சொல்லிக் கைகூப்புவான். இப்படி ஐந்தாறு வருஷம். பிரிண்ட் கீறல் விழுந்து, ஊருக்கு வெளியே டூரிங் கொட்டகைகளுக்கு இறங்கியது. பாலவாக்கத்தில் மீன்காரர்கள் சிரித்தார்கள். எழுபத்தேழில், ஐப்பசி மாதம், பெருங்குடிக்குப் போயிற்று.

அன்று காலையிலிருந்து அடைமழை. வயல்வெளி நடுவில் கூரைக் கொட்டகை. மணல் நனைந்து, உட்கார இடமில்லை. முதல் ஆட்டத்துக்கு வந்தது அய்யாதுரை ஒருத்தன்தான். படம் போடவேண்டாம் என்று டிக்கெட் கொடுத்தவனிடம் கெஞ்சினான். ஆபரேட்டர் முன்பே மெஷினை ஓட்டிவிட்டு, பீடி வாங்கப் போய் மழையில் மாட்டிக்கொண்டிருந்தான். ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தான் அய்யாதுரை. புஸ் புஸ்ஸென்ற அந்தக் காற்று அவனுக்கு ஞாபகம் வந்தது. பாடை வந்தது. குனிய முடியவில்லை, அன்றைக்கு அவன்தான் பார்த்தாக வேண்டும். பார்த்தான். முதலில் அவளைப் பார்த்தான். எவ்வளவு அழகாகக் கிடக்கிறாள்! பிறகு அவள் உதட்டோரம் துடிப்பதைப் பார்த்தான். பிணம் எதையோ அடக்கிக்கொண்டு, ஓரக்கண்ணால் காலடிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே என்ன என்று அவனும் பார்த்தான். மாரடித்து அழுகிற துணை நடிகைகளுக்கு நடுவில், புடவை மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பாடையில் கிடப்பவளை விடச் செத்த முகத்தோடு, காமிராவுக்குள் தான் இருப்பதே தெரியாமல் ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான். அவனேதான். இந்த மூஞ்சியைப் பார்த்தா சிரித்தாள்! திரை துள்ளியது. அய்யாதுரை சிரித்தான்.

தியாகராய நகரில் கடைச் சாமான்களுக்கு நடுவே சாய்ந்து கிடந்த இசக்கியம்மாள் கண்ணைத் திறந்தாள். அவள் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு ஆம்பிளைச் சிரிப்பு. துருப்பிடித்து, திக்கித் திக்கி, பிறகு மடை திறந்துகொண்டு வந்தது. அந்தச் சிரிப்பை அவள் அதற்குமுன் கேட்டதில்லை. ஆனாலும் யாருடையது என்று தெரிந்துவிட்டது. அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. கல்யாணப் புடவை பார்க்க வந்திருந்த மாம்பலத்து அம்மாள் ஒருத்தர், விலை கேட்க வாயெடுத்தார். இசக்கியம்மாள் கையைக் காட்டி நிறுத்தி, சிரிப்புக்கு நடுவில் சொன்னாள்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. அவுக இன்னும் சிரிச்சு முடிக்கல."

அந்த அம்மாளும் சரி என்று, மழையைப் பார்த்தபடி, பாயில் உட்கார்ந்துகொண்டார்.