ஈசான்ய மூலைத் தண்ணீர்

மண் வந்த அன்று புத்தூரிலேயே அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் ரத்தினம்மாதான். இத்தனைக்கும் அது அவள் மனைக்கு வந்த மண் இல்லை. தெற்கே, பக்கத்து மனைக்கு வந்தது. சீமைக்கருவேலம் மண்டி, பன்றிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த மனை. அதை எத்திராஜ் என்கிறவன் வாங்கினான். நாயுடுபேட்டைப் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை. வாங்கின கையோடு டிப்பர் டிப்பராகச் செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டினான். ரத்தினம்மாவின் கொடியில் கிடந்த துணியெல்லாம் சிவந்துபோயிற்று. வேறொருத்தியாக இருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பாள். இவளோ துணியை மறுபடி அலசிப் போட்டுவிட்டு, டிப்பர் டிரைவருக்கு மோர் கலந்து கொடுத்தாள். பக்கத்தில் மனுஷர்கள் வரப்போகிறார்களே, அதைவிட அவளுக்கு வேறென்ன வேண்டும்.

அவள் புருஷன் வேதாச்சலம் ஆந்திரா ஆர்.டி.சி. பஸ் ஓட்டியவர். கொரோனா கொண்டுபோய்விட்டது. ஒரே மகன் பவன்குமார் ஐதராபாத்தில் இருக்கிறான். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். “துன்னியாம்மா?” “துன்னேன்டா.” “மாத்திரை?” “போட்டுக்கினேன்.” “சரிம்மா, வெக்கிறேன்.” தீர்ந்தது. மிச்ச வாரத்துக்கு அவள் டி.வி. சீரியலில் வருகிறவளைத் திட்டிக்கொண்டு கிடப்பாள். திட்டினால் திருப்பித் திட்டுவதற்காவது ஒருத்தி வேண்டாமா? அதுவும் இல்லை என்றால் மனுஷி எவ்வளவுதான் தாங்குவாள்.

வீடு எழும்பியது. எத்திராஜின் மனைவி மஞ்சு வந்தாள். வடமாலபேட்டைப் பெண். வந்த அன்றே வேலி இடைவெளியில் தலையை நீட்டி, “பெரிம்மா, கொஞ்சம் தயிர் உறை கீதா?” என்று கேட்டாள். அந்தப் ‘பெரிம்மா’வில் ரத்தினம்மா விழுந்தவள்தான், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

மஞ்சுவுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஆகியும் குழந்தை தங்கவில்லை. திருப்பதியிலும் சித்தூரிலும் அவர்கள் ஏறாத ஆஸ்பத்திரிப் படி இல்லை. கடைசியில் வாஸ்து பார்க்கிற சித்தாந்தி ஒருவரிடம் போனார்கள். மனையின் தென்மேற்கு உயர்ந்து, வடகிழக்கு தாழ்ந்து, பெய்கிற மழை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஈசான்ய மூலைக்கு ஓட வேண்டும், ஓடினால் வருஷம் திரும்புவதற்குள் தொட்டில் ஆடும் என்று அவர் சொல்லிவிட்டார். அத்தனை டிப்பர் மண்ணும் அதற்காகத்தான் வந்தது. தெருக் கால்வாய் மேற்கே, வாசலில் இருக்கிறது. மேற்கே தண்ணீர் போனால் வம்சம் வளராது என்று அதையும் சேர்த்துச் சொல்லியிருந்தார். ஈசான்ய மூலைக்கு அந்தப் பக்கம் ரத்தினம்மாவின் சமையற்கட்டு இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. ரத்தினம்மாவே கேட்கவில்லை. “ஈசான்யம் தாழ்ந்துதான் இருக்கணும், சரியாத்தான் சொல்லிக்கீறாரு” என்று தலையாட்டியவளே அவள்தான்.

முதல் மழைக்கே தண்ணீர் அவள் சமையற்கட்டுக்குள் வந்துவிட்டது. சிலிண்டர் காலடியில் செம்மண் குழம்பாக நின்றது. மஞ்சு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கெட்டோடு ஓடிவந்தாள். “நீங்க குனியாதீங்க பெரிம்மா. எங்க வூட்டுத் தண்ணி, நான்தான் வாரி ஊத்தணும்.” இரண்டு பேருமாக வாரி ஊற்றி, தரையைக் கழுவிவிட்டு, நனைந்த தலையோடு உட்கார்ந்து காபி குடித்தார்கள். மஞ்சு தன் மாமியாரைப்போல் பேசிக் காட்டினாள். சிரித்துச் சிரித்து ரத்தினம்மாவுக்கு விலா வலித்தது. மஞ்சு போகும்போது இருட்டிவிட்டது.

மற்ற நாட்களில் மஞ்சுவுக்கு ஆயிரம் வேலை. வேலியோரம் நின்று இரண்டு வார்த்தை பேசுவாள், அடுப்பில் ஏதாவது தீயும், ஓடிவிடுவாள். மழை நாளில்தான் பாதி நாள் இங்கேயே இருந்தாள், குற்ற உணர்வோ பாசமோ, எதுவாக இருந்தால் என்ன. வானம் கறுத்தால் ஊரெல்லாம் கொடித்துணியை எடுக்க ஓடும். ரத்தினம்மா காபித்தூள் டப்பாவைத் திறந்து பார்ப்பாள். தன் வீட்டுக்குள் தண்ணீர் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் அந்த ஜில்லாவிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கெடுத்துக்கொண்டதும் அவளேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பவன்குமார் “சரிம்மா, வெக்கிறேன்” என்று சொல்லப்போகிற நேரம். இன்னும் கொஞ்சம் பிடித்துவைக்கலாமே என்று, “டேய், நேத்து மழைக்கு நம்ம வூட்டுக்குள்ள தண்ணி பூந்துட்சிடா” என்றாள். மகன் வைக்கவில்லை. “எவ்ளோ தண்ணி? எங்கிருந்து வந்துச்சி?” என்று கேட்டான். அவன் இப்படிக் கேள்வி கேட்டு எத்தனை காலமாயிற்று. கணுக்காலளவு தண்ணீரை அவள் முழங்காலுக்கு ஏற்றினாள். பக்கத்து மனை மேடானதைச் சொன்னாள், மண் கொட்டியதைச் சொன்னாள், அரிசி டின் மிதந்ததாக ஒரு பொய்யும் சொன்னாள். மகன் பதறப் பதற அவளுக்குத் தித்தித்தது. போனை வைத்தபோது காது சுட்டது. அன்றைக்கு ஒரு பிடி சோறு கூடவே இறங்கியது.

அந்த வாரமே வார்டு சச்சிவாலய ஆபீசிலிருந்து காவ்யா வந்து நின்றாள். வீடு, மனை விவகாரங்களைப் பார்க்கிற சின்னப் பெண் அதிகாரி. பவன்குமார் ஐதராபாத்தில் இருந்தபடியே போனில் புகார் கொடுத்திருக்கிறான். காவ்யா கூட வந்தவரோடு தண்ணீர் நிரப்பிய லெவல் குழாயைப் பிடித்து இரண்டு மனைக்கும் ரோட்டுக்கும் மட்டம் பார்த்தாள்.

“நான் கம்ப்ளைன்ட் பண்ணலியேம்மா” என்று ரத்தினம்மா அவள் பின்னாலேயே நடந்தாள். “என் புள்ள தெரியாம பண்ணிட்டான். வுட்டுடும்மா.”

“காதம்மா, ரூல் அப்படி இல்ல” என்றாள் காவ்யா. தெலுங்கும் தமிழும் அவளுக்கு ஒரே மூச்சில் வந்தன. “மனையை ஒசத்தணும்னா மண்ணு கொட்டறதுக்கு முன்னாடியே பர்மிஷன் வாங்கணும். அவங்க மனைல பெய்ற மழை தெருக் கால்வாய்க்குத்தான் போகணும், பக்கத்து மனைக்குத் தள்ளக் கூடாது. நான் மட்டம் பாத்துட்டேன். இனிமே நீங்க வேணாம்னாலும் எழுதாம இருக்க முடியாது.”

“அய்யோ, ஈசான்யத்துத் தண்ணிய மேற்கால திருப்பினா அந்தப் பொண்ணுக்கு…”

காவ்யாவுக்கு இது விளங்கவில்லை. அவள் சொன்னதில் தப்பும் இல்லை. எத்திராஜின் வாசலில் நின்று, தென்மேற்கு மண்ணை வெட்டி மட்டம் மாற்ற வேண்டும், வேலியோரம் கால்வாய் எடுத்துத் தெருவில் சேர்க்க வேண்டும் என்று பக்குவமாகத்தான் சொன்னாள். மஞ்சு கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ரத்தினம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோபம்கூட இல்லை அது. ரத்தினம்மாவுக்கு அங்கேயே செத்துவிடலாம்போல் இருந்தது.

சாயங்காலம் எத்திராஜ் வேலியோரம் வந்தான். “கஷ்டமா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். மஞ்சு உங்கள அவ்ளோ நம்பிக்கினு இருந்தா” என்றான். மகன் கதையை ரத்தினம்மா சொல்ல ஆரம்பித்தாள். அவன் பாதியிலேயே போய்விட்டான். மகனிடம் இருக்கிறதற்கு மேல் ஏற்றிச் சொன்னது யார் என்று அவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியுமே.

மண்ணை வெட்டினார்கள். தண்ணீர் மேற்கே போகும்படி மட்டம் மாற்றினார்கள். வேலியோரம் ஒரு கால்வாய் ஓடியது, அவள் பக்கம் ஒரு மண்வரப்பு எழும்பியது. வேலி இடைவெளியில் தகரம் வைத்துக் கட்டிவிட்டார்கள். ரத்தினம்மா ஒருநாள் பாயசம் வைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுபோனாள். “வெச்சிட்டுப் போங்க” என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. மறுநாள் சட்டி கழுவப்பட்டு அவள் கேட்டில் தொங்கியது. பவன்குமார் போனில், “தண்ணி வருதாம்மா?” என்றான். “வரல.” “பாத்தியா, ஒரு கம்ப்ளைன்ட்ல முடிஞ்சிட்சி. சரி, வெக்கிறேன்.” அவனுக்குத் தன் கடமையைச் செய்த நிம்மதி. பாவம், அவனை என்ன சொல்வது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்கிற மழை இல்லை, ஒரே ஊற்றாக ஊற்றியது. ரத்தினம்மா பின்வாசலில் நின்றாள். கால்வாயில் தண்ணீர் கலங்கி ஓடித் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. சமையற்கட்டு பொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்தது. அந்தத் தரையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. தகரத்துக்கு அந்தப் பக்கம் மஞ்சு யாரோடோ போனில் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. இவள் காதைத் தீட்டினாள். மழை அதையும் கேட்கவிடவில்லை.

கோணியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். வரப்பை வெட்டினாள். ஊறிக் கிடந்த மண், இரண்டு மூன்று வெட்டிலேயே வாய் திறந்தது. தண்ணீர் திரும்பி அவள் முற்றத்தில் பாய்ந்து, படியேறி, சமையற்கட்டுக்குள் போனது. அவளுக்கு மூச்சு வாங்கியது. வெகு நாளைக்குப் பிறகு மனசு படபடவென்று அடித்துக்கொண்டது.

“மஞ்சு” என்று தகரத்தைத் தட்டினாள். “மஞ்சு, தண்ணி வந்துட்சிம்மா. வூட்டுக்குள்ள தண்ணி வந்துக்கினு கீது.”

போன் பேச்சு நின்றது. மஞ்சு குடையோடு வெளியே வந்து, தகரத்துக்கு மேல் எட்டிப் பார்த்தாள். வெட்டின வரப்பைப் பார்த்தாள். மண்வெட்டியைப் பார்த்தாள்.

“நீங்களே வெட்னீங்களா?”

“நீ வருவேன்னு…” என்றாள் ரத்தினம்மா.

மஞ்சு போட்டோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தாள். “பெரிம்மா, கொஞ்சம் அந்தாண்ட நகருங்க. வெட்டின எடம் தெரியல” என்றாள். “நாளைக்கு மறுபடியும் எங்க மேல கம்ப்ளைன்ட் வந்தா காட்டணும் இல்ல.”

ரத்தினம்மா நகர்ந்தாள். மண்வெட்டியைக் கீழே போட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. மஞ்சு எடுத்துவிட்டுக் குடையைச் சாய்த்து உள்ளே திரும்பினாள்.

“இன்னொண்ணு எடுத்துக்கோம்மா” என்றாள் ரத்தினம்மா. “மழைல சரியா விழுந்துச்சோ இன்னாவோ.”

மஞ்சு திரும்பி நின்று இன்னொன்றும் எடுத்துக்கொண்டாள்.