இரண்டாவது பொட்டலம்

கப்பலைப் பற்றி எனக்கு ஏழு பயங்கள் இருந்தன. எண் போட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நாமக்கல்லில் நான் போகும் மாலை நேர ஆங்கில வகுப்பில் தினமும் ஒரு பக்கம் டைரி எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் முதலில் தமிழில் எழுதி அப்புறம் ஆங்கிலத்துக்கு மாற்றுவேன். பாதி நாள் மாற்றாமலே விட்டுவிடுவேன். ஏழு பயங்களும் அப்படித் தமிழிலேயே தங்கிவிட்டவை.

முதலாவது, எனக்கு நீச்சல் தெரியாது. இரண்டாவது, அம்மாவுக்கும் தெரியாது. மூன்றாவது, வாந்தி. ஆறாவதை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருந்தேன்: எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை தெரியாது.

எருமப்பட்டியில் எங்களுக்குக் கோழித் தீவனக் கடை இருக்கிறது. அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. கடையைக் கொடுத்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய்க் கடையைத் திறந்தாள். அவள் பெயர் கந்தம்மாள். இந்த வருடம் மாவட்டத்திலேயே அதிகத் தீவனம் விற்ற டீலர் அவள்தான்.

அந்தச் செய்தியைக் கம்பெனி விற்பனை அதிகாரி இளஞ்செழியன்தான் கொண்டுவந்தார்.

"அக்கா, இந்தத் தடவ டீலர் டூரு கப்பல்லீங்க. சென்னையில ஏறி, விசாகப்பட்டினம் போயி, பாண்டிச்சேரி வந்து திரும்பறது. நாலு நாளு. ஷீல்டு உங்களுக்குத்தான். கப்பல்லயே மேடை போட்டுக் குடுக்கறாங்க. உங்களோட ஒருத்தரு வரலாமுங்க."

"கப்பல்ல சோறு போடுவாங்களா தம்பி?"

"நிறுத்தவே மாட்டாங்கக்கா. செருப்பு மட்டும் வழுக்குமுங்க, ஷூ வாங்கிக்குங்க."

அந்த வாரமே அம்மா சேலம் போய் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கி வந்தாள். வாழ்க்கையில் முதல் ஷூ. கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரத்தில் மூட்டைகளுக்கு நடுவே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தாள். கூட வரும் ஒருத்தர் நான்தான் என்று அவள் முடிவு செய்தபோது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் பயம் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பச்சமுத்து சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி, போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கிறார். ஷூ பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"அண்ணி, ரெண்டு பொம்பளைக தனியாக் கடலுக்குப் போறதுன்னா சும்மாவா? எதுக்கும் குலசாமிகிட்ட ஒரு பூக் கேட்டுப் போடலாமுங்க. சாமி போகச் சொல்லுச்சுன்னா போங்க. இல்லீன்னா நானும் எம் பையனும் போயிட்டு வாரோம். ஷீல்டு உங்களுதுதான். வாங்கியாந்து உங்க கைல குடுத்தர்றேன்."

எங்கள் குடும்பத்தில் பெண் பார்க்கப் போவதாக இருந்தாலும் புது வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவதாக இருந்தாலும் பூக் கேட்பது வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி. வாழையிலைத் துண்டில் மடித்து நூல் சுற்றிச் சாமி காலடியில் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. பொட்டலம் மடிக்க வேண்டியது வீட்டின் கல்யாணமாகாத பெண். மடிக்கும்போது யாரும் பார்க்கக் கூடாது. எடுக்காமல் விட்ட இரண்டாவது பொட்டலத்தை யாரும் பிரிக்கவும் கூடாது. பிரித்தால் சாமி சொன்னதைச் சந்தேகப்பட்டதாகும். அதை அப்படியே வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வர வேண்டும்.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது கோயில். திங்கட்கிழமை காலை மூவரும் போனோம். மண்டபத்துக்குப் பின்னால் நான் மட்டும் உட்கார்ந்து மடித்தேன். முதல் பொட்டலத்தில் செவ்வரளி வைத்து நூல் சுற்றினேன். இரண்டாவதற்கு வெள்ளரளியைக் கையில் எடுத்தேன். ஆறாவது பயம் ஞாபகம் வந்தது. வெள்ளைப் பூவைத் தாவணிக்குள் ஒளித்துவிட்டு இரண்டாவதிலும் செவ்வரளியை வைத்தேன். நூல் சுற்ற அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பூசாரி சென்றாயன் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

"சாமி வாக்குங்க அண்ணி," என்றார் சித்தப்பா. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் உடனே செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மா சாமியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கும்பிட்டாள். வீட்டுக்கு வந்ததும் ஷூவைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, பெட்டியைக் கடைப் பரணில் ஏற்றினாள்.

இரண்டாவது பொட்டலத்தை நான் மரத்தடியில் வைக்கவில்லை. காக்கை பிரித்துவிடுமோ என்று பயந்து பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டேன். அன்றைக்கு நோட்டில், 'அம்மாவைக் காப்பாற்றவே இப்படிச் செய்தேன்' என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். அடித்தேன். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நான்கு நாள் அந்த இடம் காலியாகவே இருந்தது.

வியாழக்கிழமை வகுப்பில் நிகத்திடம் சொன்னேன். அவள் என் பக்கத்து நாற்காலி. பகலில் அவளுடைய அப்பாவின் துணிக்கடையைப் பார்த்துக்கொள்கிறாள். முழுவதையும் கேட்டுவிட்டு என் பையை எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி, ரெண்டுலயும் சிவப்பா? அப்ப உங்க சாமி என்ன சொல்லுச்சுன்னு யாருக்குமே தெரியாதே!"

"மெதுவாப் பேசுடி."

"உங்க சித்தப்பா இந்நேரம் கப்பலுக்குக் கூலிங் கிளாஸ் வாங்கியிருப்பாரு. உங்கம்மா மூட்டை தூக்கித் தூக்கி வாங்குன ஷீல்ட அவரு மேடையில ஏறி வாங்குவாரு. நீ ஃபோட்டோவுக்கு லைக் போடு."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். எருமப்பட்டி வருவதற்குள் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வகுப்புக்குப் போகவில்லை. பயணப் பட்டியலுக்குப் பெயர் வாங்க இளஞ்செழியன் கடைக்கு வந்திருந்தார். சித்தப்பா தன்னுடைய ஆதார் நகலையும் மகனுடையதையும் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அம்மா ஒரு பண்ணைக்காரருக்கு மூட்டை ஏற்றி அனுப்பிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். நான் பொட்டலத்தை எடுத்துத் தராசுத் தட்டின் மேல் வைத்தேன்.

"என்னது அது?" என்றார் சித்தப்பா.

"ரெண்டாவது பொட்டலமுங்க சித்தப்பா."

"அத எதுக்கு ஊட்டுக்குக் கொண்டாந்த? கைய எடு! பிரிக்கப் படாது!"

பிரித்தேன். இலை காய்ந்து நொறுங்கியது. பூ வாடி ஓரமெல்லாம் கறுத்திருந்தது. ஆனாலும் சிவப்பு சிவப்புதான்.

"ரெண்டுலயும் செவ்வரளிதான் வெச்சேன். தெரிஞ்சேதான் வெச்சேன். எனக்குக் கப்பல்னா பயம். அம்மாகிட்டச் சொல்ல வாயில்லாம சாமி பேரைச் சொல்லி நிறுத்திட்டேன்."

சித்தப்பா கவரை மேசையில் அடித்தார்.

"அடிப் பாவி! சாமிகிட்டயே வெளையாட்டா? பாத்தீங்களா அண்ணி, வயசுப் புள்ளைய நாமக்கல்லுக்கு அனுப்பி இங்கிலீசு படிக்க வெச்ச லட்சணத்த? இதுக்குப் பரிகாரம் பண்ணி மறுக்காப் பூக் கேக்கோணும். அமாவாசைக்குத்தான் முடியும்."

"சார், லிஸ்டு இன்னைக்கு ஆறு மணிக்குள்ள போயாகோணுங்க," என்றார் இளஞ்செழியன்.

"அப்ப எம் பேர எழுதுங்க தம்பி."

"எழுதாதீங்கண்ணா," என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "அம்மா பேரும் எம் பேரும் எழுதுங்க. பயத்தோடவே வாரேன்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. தட்டில் கிடந்த பூவைக் கையில் எடுத்து, உதிர்ந்த இதழையும் பொறுக்கிக்கொண்டாள்.

"பயமா இருந்தா எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன கண்ணு?"

"சொன்னா நீ போகமாட்ட."

"போகக் கூடாதுன்னுதான நீ இத்தனையும் பண்ணுன?"

நோட்டில் நான்கு நாள் காலியாகக் கிடந்த வரி அதுதான்.

அம்மா சித்தப்பா பக்கம் திரும்பினாள். "ஏனுங்க தம்பி, உங்க ரிக் வண்டிய ஒரிசாவுக்கு அனுப்புனீங்களே, எந்தக் கோயல்ல பூக் கேட்டீங்க?"

"அது தொழிலுங்க அண்ணி."

"இதும் தொழிலுதானுங்க. ஆறு வருசமா லோடு எறக்கறேன். ஒரு லோடுக்கும் பூக் கேட்டதில்ல. கேக்கோணும்னு நீங்களும் சொன்னதில்ல. நடு ராத்திரி லாரி வந்தாலும் நாந்தான் கதவு தொறந்தேன். அப்பெல்லாம் பொம்பள தனியாப் போகலாமான்னு ஆரும் கேக்கல."

"நான் உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன். சாமி குத்தம் ஆயிருச்சுன்னா?"

"எம் புள்ள பண்ணுன தப்புக்கு நான் சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன், படையலும் வெக்கறேன். அதுக்கு நீங்க எதுக்குங்க கப்பல் ஏறோணும்?"

இளஞ்செழியன் இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தப்பா கவரை எடுத்துக்கொண்டு எழுந்தார். படி இறங்கும்போது, "கடல்ல ஏதாச்சும் ஆச்சுன்னா என்னையக் கூப்புடாதீங்க," என்றார்.

"அங்க டவர் கிடைக்காதுங்க," என்றாள் அம்மா.

இளஞ்செழியனும் போன பிறகு அம்மா பரணிலிருந்து ஷூ பெட்டியை இறக்கினாள். அவள் முகத்தில் கோபம் இன்னும் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

"அந்த நோட்டுல பயத்தையெல்லாம் எழுதி வெச்சிருக்கறயல்ல? மொதல்ல என்ன?"

"நீச்சல் தெரியாது."

"ரெண்டாவது?"

"உனக்கும் தெரியாது."

"ஆரு சொன்னா?"

மறுநாள் விடிந்ததும் என் மாமன் தோட்டத்துக் கிணற்றுக்கு அழைத்துப் போனாள். என் இடுப்பில் காலி எண்ணெய்க் கேனைக் கட்டி என்னைக் கடைசிப் படியில் உட்கார வைத்தாள். பழைய சுடிதார் ஒன்றை மாட்டிக்கொண்டு அவள் மேலே ஏறினாள். எங்கே போகிறாள் என்று நான் அண்ணாந்து பார்ப்பதற்குள் கிணற்று மேட்டிலிருந்து குதித்துவிட்டாள். தண்ணீர் என் தலைக்கு மேல் எழும்பி விழுந்தது. எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு எண்ணும்போது எதிர்ச் சுவரோரம் தலை தெரிந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி தெனமும் குதிச்சவ நானு. உங்கப்பன் ஊட்டுக்கு வந்த பொறகு ஆரும் கேக்கல, நானும் சொல்லல. ம், எறங்கு."

இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். எனக்குத் தெரியாது. அன்றைக்கு நோட்டில் இரண்டாவது பயத்தைக் கோடு போட்டு அடித்தேன். மூன்று வாரத்தில் எனக்கு மிதக்க வந்தது, நீச்சல் வரவில்லை. முதல் பயத்தைப் பாதி மட்டும் அடித்தேன். புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு இருவரும் குலசாமி கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தோம். நான் விழுந்து கும்பிட்டு, செய்ததைச் சாமியிடம் வாய்விட்டுச் சொன்னேன். பூக் கேட்கவில்லை.

சென்னைத் துறைமுகத்தில் கப்பலைப் பார்த்ததும் முதலில் கட்டடம் என்று நினைத்தேன். ஏறும் பாலத்தில் கால் வைத்தபோது கீழே கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. என் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்த ஆத்தூர் டீலர், "போங்கம்மா, வரிசை நிக்குது," என்றார். அம்மா திரும்பி, "நிக்கட்டுமுங்க, மொதத் தடவ ஏறறா," என்றாள். அவளும் முதல் தடவைதான் ஏறினாள். நான் பலகைகளை எண்ணிக்கொண்டு நடந்தேன்.

கப்பல் ஊழியர்கள் மிதவை அங்கி கட்டிக் காட்டியபோது நான் இரண்டு தரம் கட்டி அவிழ்த்துப் பார்த்தேன். அவசர வாசல் எந்தப் பக்கம் என்று நான்கு தளத்துக்கும் படம் போட்டு வைத்தேன். இருந்தும் முதல் ராத்திரி வாந்தி எடுத்தேன். மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்தில் டீலர்கள் பாதிப் பேரைக் காணோம். அம்மா இரண்டாவது தட்டுத் தயிர்சோறு வாங்கி வந்து எலுமிச்சை ஊறுகாயோடு சாப்பிட்டாள்.

அன்று மாலை மேடையில் அம்மா பெயரைக் கூப்பிட்டார்கள். பச்சைப் பட்டுச் சேலை, வெள்ளை ஷூ. நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர், "வாழ்த்துகள் மேடம், சார் வரலீங்களா?" என்று மைக்கிலேயே கேட்டார்.

அம்மா மைக் பக்கம் குனிந்தாள். "டீலரு நான்தானுங்க."

கை தட்டல் அடங்குவதற்குள் மேல் தளத்துக்குப் போகலாம் என்றாள். படியில் கண்ணை மூடிக்கொண்டு அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். கதவு திறந்ததும் காற்று அறைந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தேன். முன்னால் தண்ணீர். இடது பக்கம் தண்ணீர். திரும்பிப் பார்த்தேன். கரை எந்தப் பக்கமும் இல்லை. ஆறாவது பயம், எழுதி வைத்தபடியே இருந்தது. கம்பியை விடாமல் நின்றேன்.

அம்மா ஷீல்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன பண்ணுது கண்ணு?"

"பயமா இருக்குதும்மா."

"இருந்துட்டுப் போகுது. கொஞ்சம் தள்ளி நில்லு, எனக்கு மறைக்குது."