பிளாசாவில் பொதுமக்கள்

தெப்ராவில் புதிதாக எழும்பிய அந்த அலுவலகக் கோபுரத்துக்குப் பசுமைச் சான்றிதழ் கிடைத்துவிட்டால், அதன் மேலாளர் தேவானந்தனுக்குக் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் இயக்குநர் நாற்காலி. கிடைக்குமுன்பே லாபிஸ் ஊரிலிருக்கும் சித்தப்பா வரைக்கும் சொல்லி வாழ்த்தும் வாங்கிவிட்டார். மனுசனுக்கு அவ்வளவு அவசரம்.

ஒன்றுதான் இடித்தது. வாசலில் மின்னும் பிளாசா என்ற கல் முற்றத்துக்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் பொதுமக்கள் அதில் உட்கார்ந்து புழங்க வேண்டுமாம். வெறும் கல்லைப் பரப்பி வைத்தால் செல்லாதாம். பொதுமக்களா! எதிர்த் தொழிற்சாலைப் பெண்கள் சோற்றுப் பொட்டலத்தோடு வந்தபோதெல்லாம், கறி சிந்திவிடும் என்று காவலாளி அர்ச்சுனனை விட்டு விசிலடித்து விரட்ட வைத்தவரே இவர்தான்.

சான்றிதழ்ச் சோதனைக்கு முதல்நாள் அதே தேவானந்தன் தொழிற்சாலை வாசலில் குழைந்து நின்றார். காரியம் ஆகும்வரை காலைப் பிடி என்பது அவருக்குப் பிறவி ஞானம்.

"தங்கச்சி, நாளைக்கு எல்லாரும் அங்க வந்து சாப்பிடுங்க. நம்ம இடம் லா அது."

அந்தப் பெண்களில் ஒருத்தியான வாசுகிக்கு நம்பிக்கை வரவில்லை. "வெரட்ட மாட்டீங்களே சார்?"

"சேச்சே! யாரு வெரட்டுறது?"

மறுநாள் மதியம் பிளாசா களைகட்டியது. கழுத்தில் அடையாள அட்டையோடு மதிப்பீடு செய்ய வந்த சிந்துஜா மகிழ்ந்துபோய், வாசுகி பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் நீட்டிய அப்பளத்தையும் வாங்கிக் கடித்தார். தன்னைக் கண்டால் கூட்டம் மிரளும் என்று கண்ணாடிக் கதவுக்குள்ளேயே நின்றிருந்த தேவானந்தனுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவர் அர்ச்சுனனிடம் மட்டும் சொல்லவில்லை. காவலாளிக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டா இருப்பார்கள்? சாப்பிட்டுத் திரும்பிய அர்ச்சுனன் கூட்டத்தைப் பார்த்தான். விசிலை வாயில் வைத்து ஊதினான்.

பழகிய கால்கள் நிற்குமா? பொட்டலங்களைச் சுருட்டிக்கொண்டு அத்தனை பேரும் எழுந்து ஓடினார்கள். தேவானந்தன் பதறி வெளியே பாய்ந்தார்.

"ஓடாதீங்க! உட்காருங்க!"

அவர் குரலைக் கேட்டதும் ஓட்டம் இன்னும் கூடியது. "அலமாக், பெரிய சாரே வந்துட்டாரு! ஓடியாங்க மேடம்!" என்று வாசுகி சிந்துஜாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலையைத் தாண்டினாள்.

எதிரே மரநிழலில் சிந்துஜா மூச்சு வாங்கினார். வாசுகி கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு, சிந்துஜா பிளாசாவைத் திரும்பிப் பார்த்தார். கொதிக்கிற கல்லின் நடுவே தேவானந்தன் மட்டும் நின்றார்.

அர்ச்சுனன் பெருமையோடு வந்து சல்யூட் அடித்தான்.

"சுத்தமா காலி பண்ணியாச்சு சார். கழுத்துல கார்டு மாட்டிக்கிட்டு ஒரு அம்மாவும் உள்ள உட்கார்ந்திருந்தாங்க. அவங்களையும் விடலையே!"