நாலாவது ஆணி

கரமனையில் பூதலிங்கத்தின் கொட்டகைச் சுவரில் நாலு ஆணிகள் இருந்தன. மூன்றில் மெஷின் வாள்கள் தொங்கின. கிளை கழிக்கக் குட்டி ஒன்று, தென்னைக்கும் பலாவுக்கும் நடுத்தரம் ஒன்று, வயசான மாமரத்துக்கும் புளிக்கும் பெரியது ஒன்று. பெட்ரோல் குடித்துவிட்டுக் கத்துகிற ஜாதி எல்லாம். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கட்டும் என்று தெருவைப் பார்த்த சுவரிலேயே மாட்டியிருந்தான். நாலாவது ஆணி சும்மா இருந்தது.

அந்தச் சுவரைப் பார்க்காமல் கோமதிநாயகம் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. மர டிப்போவுக்குப் போக வேறு வழி இல்லாமல் இல்லை. ஆனால் புண்ணைச் சொறிவதில் ஒரு சுகம் உண்டே, அது வேறு வழியில் கிடைக்காது. அந்த நாலாவது ஆணியில் முன்பு தொங்கியது அவருடைய வாள்தான். இரண்டு முனையிலும் மரப்பிடி வைத்த, ஆள் உயர வாள். ஒரு பிடி அவருக்கு, மறுபிடி பூதலிங்கத்துக்கு.

இரண்டு பேரும் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரே வாளைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரம் வந்தவர்கள். இந்த ஊரில் அவர்கள் சாய்த்த மரங்களைத் திரும்ப நட்டால் ஒரு காடு ஆகும். இழுப்பு இரண்டு பேருக்கும் சமம் என்றாலும் நிற்கிற இடம் சமமாக இருந்ததில்லை. மரம் சரிவில் நின்றால் மேட்டுப் பக்கம் பூதலிங்கம், பள்ளத்தில் கோமதி. ஒரு பக்கம் சாக்கடை என்றால் சாக்கடைக்குள் கோமதி. கூட்டாளிதானே என்று அவரும் விட்டுவிடுவார். விட்டுக்கொடுத்தவன் கெட்டுப்போவதில்லை என்று எவனோ சொல்லி வைத்திருக்கிறான். அவன் பூதலிங்கத்தோடு வாள் பிடித்ததில்லை.

ஓர் ஆயுத பூஜை அன்று பூதலிங்கம் தன் முதல் மெஷினுக்கு மாலை போட்டான். பொரி கடலைக்கு ஆட்கள் எல்லாரும் காத்து நின்றார்கள். சந்தனப் பொட்டு வைக்க வேண்டிய அந்தப் பழைய வாளைச் சுவரிலிருந்து கழற்றித் தெருவில் போட்டுவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்.

“கோமதி, நீ இனி வேற வேலை பாத்துக்க. எனக்கு மறுமுனைக்கு ஆள் வேண்டாம்.”

அதுவரை ‘நீரு’ என்று கூப்பிட்டவன் அன்றைக்குத்தான் ‘நீ’ என்றான். கோமதி வாளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். முதுகுக்குப் பின்னால் யாரோ சிரித்தது இன்றைக்கும் அவர் காதில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அவர் அந்த வாளுக்கு எண்ணெய் போட்டுப் பல் தீட்டுவதைப் பார்த்து, அவர் மனைவி வடிவம்மாள், “வேலைக்குப் போவாத வாளுக்கு என்னத்துக்கு இந்தச் சீராட்டு?” என்று கேட்பாள்.

“ஒரு விருந்தாளி வருவாரு” என்பார் கோமதி.

டிப்போவில் அவருக்குத் தடி அடுக்குகிற வேலை. அங்கேதான் அவர் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டார். மரக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மரத்தைச் சுற்றிக் கயிறு பிடித்து, அந்தச் சுற்றை நாலாக மடிப்பார்கள். மடிப்பின் நீளம்தான் மரத்தின் கனம், அதாவது குறுக்களவு, என்று பேச்சு. விலை பேசுவது அதில்தான். ஆனால் அறுத்துப் போட்ட தடியின் முகத்தில் கோலை வைத்துப் பார்த்தால் மரம் மடிப்பைவிடப் பருமனாக இருக்கும். மூன்றாக மடித்தால்தான் ஏறக்குறைய உண்மை வரும். நாலு மடிப்பு வாங்குகிறவனுக்கு லாபம் என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை. மரம் வெட்டுகிறவர்களுக்கும் அது உறைத்ததில்லை. கைவாள் எந்த மரத்தையும்விட நீளம். அது ஏன் மரத்தின் கனத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

இப்படி இருக்கையில் ஸ்ரீவராகத்தில் லலிதாம்பாள் வீட்டுப் பின்கட்டில் நின்ற அயனி மரத்துக்கு நாள் குறித்தார்கள். பிள்ளைகள் பம்பாயில் இருக்க, அந்த அம்மாள் தனியாக இருந்தாள். மரம் வேர்விட்டுக் கிணற்றைப் பிளந்துகொண்டிருந்தது. நின்ற இடமோ பொல்லாத இடம். ஒரு பக்கம் ஒட்டினாற்போல் கிணறு, பின்னால் சமையலறைச் சுவர். முன்னால் மட்டும் வெறும் முற்றம். சாய்த்தால் அங்கேதான் சாய்க்க வேண்டும். ஆக, ஆள் நின்று மெஷின் பிடிக்கக் கிணறு இல்லாத ஒரு பக்கம்தான் உண்டு. அங்கிருந்தே வாள் மறுபக்கம் வரை எட்டியாக வேண்டும்.

பூதலிங்கம் வேலையை எடுத்துக்கொண்டான். சும்மா எடுத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. தெருக்காரர்கள் முன்னால் மரத்தைத் தட்டிக்கொண்டே, “இந்த மரத்தைச் சாய்க்கிற வாள் எதுவோ, அதுதான் என் நாலாவது ஆணியில தொங்கும்” என்று சவடால் விட்டான். அந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள் டிப்போவுக்கு வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துச் சாலைக் கடைத்தெருவில் யோசுவாவின் கடைக்கு அரம் வாங்கப் போனார் கோமதி. யோசுவா பழைய மெஷின்களைப் பழுது பார்த்து விற்கிறவன். பொன்முடிப் பக்கம் ஏதோ எஸ்டேட்டில் கழித்துக் கட்டிய இரண்டு பெரிய வாள்களைத் தரையில் பரப்பி வைத்திருந்தான். சங்கிலி ஓடுகிற நாக்கு ஒன்றில் மூன்றடி, மற்றதில் நாலடி. அவற்றின் முன்னால், கையில் அளவுக் கயிறோடு பூதலிங்கம் நின்றான். கண் முழுக்க நாலடி வாள் மேல்.

“பெருசை எடுடே யோசுவா. சுவத்துல தொங்கினா தெருவே நின்னு பாக்கணும்.”

“சாரே, அது எடுத்தாப் பொங்காது கேட்டோ, அம்புட்டுக் கனம்” என்றான் யோசுவா. “ஒத்தைக்குப் பிடிக்க ஒக்காது, ரெண்டு ஆளு வேணும். தோ, நாக்கு முனையில ஒரு பிடி இருக்கு பாத்தீங்களா? மத்த ஆளு அதைப் பிடிக்கணும்.”

பூதலிங்கம் குனிந்து பார்த்தான். நாக்கின் நுனியில் உண்மையாகவே ஒரு பிடி இருந்தது. நிமிர்ந்தபோது வாசலில் கோமதி. பூதலிங்கத்தின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. ஆள் வேண்டாம் என்று சொல்லிப் பெரிய மனிதன் ஆனவன், மறுமுனைக்கு ஆள் வேண்டிய வாளை எப்படி வாங்குவான்? அதுவும் இந்த ஆள் பார்க்க?

சமாளித்துக்கொண்டு சிரித்தான். “நல்ல நேரத்துல வந்தே. அளவு பாக்குறது உன் வேலைதானே அந்தக் காலத்துல. அயனியோட சுத்து இது. மடிச்சுச் சொல்லு பாப்போம்” என்று கயிற்றை எறிந்தான்.

கயிறு கோமதியின் மார்பில் பட்டு அவர் கையில் விழுந்தது. நாய்க்கு எலும்பு எறிகிற மாதிரி எறிந்திருந்தான். கோமதி கயிற்றை நீட்டிப் பிடித்தார். மூன்றாக மடித்தால் நாலடி, பூதலிங்கம் பிழைத்துப்போவான். ஒரு நொடி அவர் விரல் நின்றது. பிறகு, பரம்பரை வழக்கப்படி, நாலாக மடித்தார். அதில் ஒரு பொய்யும் இல்லை. மரக்காரன் கேட்டான், மரக்காரன் மடித்தான்.

“மூணடி” என்றார். “மூணடி மரத்துக்கு எதுக்கு நாலடி வாள்? சுமந்து சாவவா?”

“அப்படிச் சொல்லு” என்றான் பூதலிங்கம். அவன் கேட்க விரும்பியது அதுதான். மூன்றடி வாளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ராஜா மாதிரி போனான். கோமதி அரத்தை வாங்கிக்கொண்டார். வீடு வரைக்கும் அவர் மனசுக்குள் மேளம் கொட்டிக்கொண்டே வந்தது. சந்தோஷம், வேறொன்றும் இல்லை. வெட்கமில்லாத சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை மரம் வெட்டு. காலையிலேயே கோமதி வாளைச் சாக்கில் சுற்றிக் கட்டினார். “விருந்தாளி வந்தாச்சாக்கும்?” என்றாள் வடிவம்மாள்.

“வாராரு” என்றார்.

தெருவில் பாதிப் பேர் லலிதாம்பாள் வீட்டு முற்றத்தின் ஓரத்தில் நின்றார்கள், சாக்கு மூட்டையோடு கோமதியும். பூதலிங்கம் மரம் சாய வேண்டிய முற்றத்துப் பக்கம் ஆப்பு மாதிரி ஒரு வாய் வெட்டினான். பிறகு அதற்குப் பின்புறம் அறுக்கிற பின்வெட்டுக்காக, கிணறு இல்லாத பக்கத்தில் வந்து நின்று புது வாளை முடுக்கினான். காது கிழிகிற சத்தம். மரத்தூள் வெள்ளையாகப் பறந்தது. நாக்கு வெண்ணெயில் போகிற மாதிரி உள்ளே போயிற்று, போய்க்கொண்டே இருந்தது, மெஷினின் உடம்பு மரப்பட்டையில் இடித்து நின்றது.

அவன் மறுபடி அழுத்தினான். மறுபடி இடித்தது. வாளை உருவிவிட்டுக் கிணற்றுப் பக்கம் எட்டிப் பார்த்தான். அங்கே பட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு சாண் மரம் அறுபடாமல் அப்படியே நின்றது.

கிணற்றின் மேல் குறுக்கே ஒரு பலகை போட்டு, ஓடுகிற மெஷினோடு அதில் ஒரு காலை வைத்தான். பலகை வளைந்தது. காலை எடுத்துவிட்டான். அந்நேரம் பார்த்துக் காற்று அடித்தது. மேலே கிளைகள் ஆட, அறுபட்ட இடத்திலிருந்து ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தது. மரம் பின்பக்கமாக, சமையலறையைப் பார்த்து, லேசாக அசைந்தது. கூட்டம் பின்வாங்கியது. லலிதாம்பாள் பூஜைப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“அடப் பாவி, பாதில விட்டுட்டு நிக்கறயே! ஆத்து மேல விழுந்தா நான் எங்க போவேன்?”

அவளைப் பார்த்ததும் கோமதிக்கு நெஞ்சு சுட்டது. இவள் என்ன பாவம் செய்தாள்? நாலு மடிப்பு மடித்தபோது இந்தச் சமையலறை அவர் நினைவில் வரவே இல்லை. ஓடிப்போய் உதவு என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம், தெருவில் கிடந்த வாளை எடுத்துக்கொண்டு நடந்த அந்த மனம், அவரை அங்கேயே பிடித்து நிறுத்தியது. சாக்கை மட்டும் அவிழ்த்தார். வாளின் பல்லில் வெயில் அடித்தது.

“கோமதிதானே நீ? பழைய ஆளாச்சே, ஏதாவது பண்ணேன்ப்பா” என்றாள் லலிதாம்பாள்.

“செய்யலாம் அம்மா. ஆனா என் வாளுக்கு மறுமுனையில ஆள் வேணும். மறுமுனைக்கு ஆளே வேண்டாம்னு சொன்னவரு இங்க நிக்காரு. அவரு வாயால கேக்கட்டும்.”

எல்லாரும் பூதலிங்கத்தைப் பார்த்தார்கள். மரம் இன்னொரு தரம் ‘கிர்ர்’ என்றது. பூதலிங்கம் மெஷினைத் தரையில் வைத்தான். தொண்டையைச் செருமினான்.

“வே கோமதி… மறுமுனைக்கு ஒரு ஆள் வேணும்வே.”

“சத்தமா.”

“மறுமுனைக்கு ஆள் வேணும்!”

கோமதி சமையலறைப் பக்கம் இரண்டு தடிகளை முட்டுக் கொடுத்து, மேல்கிளையில் கயிறு வீசிக் கட்டி முற்றத்திலிருந்து பிடிக்கச் சொன்னார். மெஷின் அறுத்த வழியிலேயே வாளைச் செலுத்தினார். பூதலிங்கம் வழக்கம்போல நல்ல தரையில் வந்து நின்று பிடியைப் பற்றப் போனான்.

“அது என் இடம்” என்றார் கோமதி. “மறுமுனை அங்க.”

பூதலிங்கம் கிணற்றுப் பலகையைப் பார்த்தான். பிறகு ஏறினான். அவன் காலடியில் ஆழத்தில் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது.

இரட்டைப்பிடி வாளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். இழுக்கலாம், தள்ளக் கூடாது. தள்ளினால் எதிர் ஆள் நிலை தவறுவான். அன்றைக்கு ஒரு தள்ளு போதும், பூதலிங்கம் கிணற்றுக்குள். அது கோமதிக்கும் தெரிந்தது, பூதலிங்கத்துக்கும் தெரிந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் அவன் கண் கோமதியின் முழங்கையிலேயே இருந்தது. வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. உதடு எதையோ வேண்டிக்கொண்டிருந்தது. கோமதி அவசரப்படவில்லை. இத்தனை காலம் எண்ணெய் போட்டதற்கு, ஒவ்வோர் இழுப்பையும் அனுபவித்து இழுத்தார். தள்ளத்தான் இல்லை. தள்ளினால் அவன் செத்துப்போவான், பிறகு வெட்கப்பட ஆள் இருக்காது.

“இறங்கும்!” என்று கோமதி கத்தியபோது கடைசி நார் தெறித்தது. பூதலிங்கம் பலகையிலிருந்து குதித்தான். ஆட்கள் கயிற்றை இழுக்க, அயனி முற்றத்தில் நீட்டிப் படுத்தது. சமையலறை ஓடு ஒன்றுகூட உடையவில்லை.

பூதலிங்கம் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான். உயிர் வந்த சிரிப்பு. கோமதியின் தோளில் கை போட்டான். “நம்ம கை இன்னும் போகலவே! நாளைக்குக் கொட்டகைக்கு வாரும். ரெண்டு பேருமாப் பாப்போம். சொன்ன சொல் மாற மாட்டேன், இந்த வாளையே நாலாவது ஆணியில மாட்டுவோம்.”

கோமதி தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். வாளைத் தரையில் சாய்த்து, ஒரு கல்லை எடுத்து, பூதலிங்கம் பிடித்திருந்த முனையில் ஓங்கித் தட்டினார். மரப்பிடி கழன்று வந்தது. அவன் கை பட்டுப் பட்டுக் கறுத்துப்போன பிடி. அதை எடுத்துத் தெருவே பார்க்க அவன் உள்ளங்கையில் வைத்தார்.

“வாள் என்னுது. இந்த மரத்தைச் சாய்ச்சதுல உமக்குள்ளது இவ்வளவுதான். உம்ம ஆணிக்குச் சரியான அளவு. கொண்டுபோய் மாட்டும்.”

இந்தத் தடவையும் யாரோ சிரித்தார்கள். பூதலிங்கம் அந்தப் பிடியைக் கீழே போடவும் தெரியாமல் வைத்துக்கொள்ளவும் தெரியாமல் நின்றான். கோமதி வாளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அதே நடைதான், அதே வாள்தான்.

வீட்டில் வடிவம்மாள் வாளை மேலும் கீழும் பார்த்தாள். “ஒத்தைப் பிடியை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறிய? இனி இது எதுக்கு ஆவும்?”

“எதுக்கும் ஆவாது” என்றார் கோமதி. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் அதற்கு எண்ணெய் போடவில்லை.