யூலிற்றாவுக்கான நன்றியுரை

எங்கள் நூலகமும் கலை மண்டபமும் ஒரே கட்டடம். இந்தப் பக்கம் புத்தகம், அந்தப் பக்கம் மேடை, நடுவில் ஒரு பலகைத் தட்டி. நான் கிருசாந்தி, நூலக உதவியாளர். சம்பளம் புத்தகங்களுக்குத்தான் தருகிறார்கள் என்றாலும் வருஷத்தில் பாதி நாள் எனக்கு வேலை தட்டிக்கு அந்தப் பக்கம். தையில் பொங்கல் விழா, சித்திரையில் புதுவருட விளையாட்டு, புரட்டாதியில் வாணி விழா, ஐப்பசியில் வாசிப்பு மாத விழா, மார்கழியில் கிறிஸ்மஸ் ஒளிவிழா. பொங்கலுக்குப் பானை வைப்போம், ஒளிவிழாவுக்குப் பாலன் குடில் வைப்போம். மற்றதெல்லாம் மாறாது. மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, பிரதம விருந்தினர் உரை, நன்றியுரை. கண்ணைக் கட்டிக்கொண்டு மண்முட்டி உடைக்கிற போட்டிக்குக்கூட ஆசியுரை வைத்தோம். உரைகள் முடிய இருட்டிவிட்டதால் முட்டியை உடைக்க நேரம் இருக்கவில்லை. அடுத்த நாள் அதை எடுத்து வைக்கப்போய் நானே கைதவறி உடைத்தேன். பரிசு ஒன்றும் தரவில்லை.

நன்றியுரை எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் விடுகிற மணி மாதிரி. "அடுத்து நன்றியுரை" என்று மேடையில் சொன்னதுதான் தாமதம், சனம் எழும்பிவிடும். குடையைத் தேடும், பிள்ளையின் செருப்பைத் தேடும், பிறகு வாசலுக்கு வந்து என்னிடம் கையை நீட்டும். நான் சிற்றுண்டிப் பொதிகளைக் கொடுப்பேன். ஒரு ரோல்ஸ், ஒரு துண்டுக் கேக், ஒரு வாழைப்பழம். சனத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். அத்தனை உரைகளையும் கேட்டவர்களுக்கு ரோல்ஸ் கொடுத்தால் போதாது, பொன்னாடையே போர்த்த வேண்டும்.

வருஷக்கணக்காக இந்த நன்றியுரையைச் சொல்லிவருபவர் விமலேஸ்வரி அக்கா. முன்பள்ளி ஆசிரியை, எங்கள் வாசகர் வட்டத்தின் செயலாளர். தலைமையுரை எப்போதும் மயில்வாகனம் சேருக்கு. அவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், வட்டத்தின் தலைவர். மற்ற உரைகளை மற்ற ஆண்கள் எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சுவது விமலா அக்காவுக்கு. ஆனால் அவர் அதை ஒருநாளும் ஏனோதானோ என்று சொன்னதில்லை. வெறுங் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு, பிரதம விருந்தினரில் தொடங்கி ஒலிபெருக்கிக்காரர், கதிரைக்காரர் வரை ஒழுங்காகச் சொல்லி வந்து, கடைசியில் நாயாறு என்கிற கடற்கரை ஊரிலிருந்து வருகிற யூலிற்றாவின் பெயரைச் சொல்லி முடிப்பார். அந்தப் பெயர் வருகிற நேரம் மண்டபத்தில் நானும் கதிரை அடுக்குகிறவர்களும் மட்டும் நிற்போம்.

யூலிற்றா அக்கா இல்லாவிட்டால் இந்த நூலகம் இல்லை. யுத்தம் முடிந்து மீள்குடியேறி வந்த புதிதில் யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் ஊருக்குச் சாக்குகளில் புத்தகம் அனுப்பிவிட்டார். ஊரில் ஒழுகாத கூரை ஒன்று இல்லை. சொந்த ஊரான நாயாற்றுக்குப் போக ஆமி அப்போது விடவில்லை என்பதால் யூலிற்றா அக்காவும் இங்கேதான், விமலா அக்காவின் பக்கத்துத் தறப்பாள் கொட்டிலில் இருந்தார். மாரி தொடங்க, தன் குசினியில் அடுப்புக்கு மேலே கட்டியிருந்த பரணில் இருந்த கருவாட்டை இறக்கிவிட்டுப் புத்தகங்களை ஏற்றினார். எங்கள் பழைய புத்தகங்களை விரித்தால் இப்போதும் புகையும் சூடைக் கருவாடும் மணக்கும். விமலா அக்காவின் மகள் சாரங்கா எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியது அந்த அடுப்படியில், யூலிற்றா அக்காவின் மடியில் இருந்துதான்.

அப்படிப்பட்டவர்கள் இப்போது கதைப்பதில்லை. நாயாற்றுக்குத் திரும்பிப் போன பிறகும், சந்தைக்கு வருகிற நாளெல்லாம் மீனோடு விமலா அக்காவின் குசினிக்குள் நேரே போகிற யூலிற்றா அக்கா, திடீரென்று அந்த வீட்டு ஒழுங்கைப் பக்கமே வராமல் விட்டார். நூலகத்துக்கு மட்டும் வருவார். புத்தகம் மாற்றுவார், விழா என்றால் மூன்றாம் வரிசையில் இருப்பார், நாயாற்றுக்கான கடைசி பஸ்ஸுக்கு நேரம் வைத்து எழும்பிப் போவார். விமலா அக்கா கிட்டப் போனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

காரணம் தனக்குத் தெரியும் என்று விமலா அக்கா நினைத்தார். ஊரில் உள்ளவன் போறவன் எல்லாருக்கும் மேடையில் நன்றி சொல்கிறோம், யூலிற்றாவுக்குச் சொல்வது மட்டும் யூலிற்றாவின் காதில் விழுவதில்லை, தன்னை மறந்துவிட்டார்கள் என்று யூலிற்றா நினைக்கிறாராம். வருகிற தையில் சாரங்காவுக்குக் கலியாணம். யூலிற்றா வராத கலியாணம் தனக்குக் கலியாணமே இல்லை என்று என் மேசையில் கையூன்றி நின்று அழுதார். அழுகிற ஆட்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். "அப்ப நன்றியுரையை முதலே சொல்லுங்கோவன். அவா இருக்கேக்க சொல்லுங்கோ," என்றேன்.

மயில்வாகனம் சேர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் நடக்காத விழாவுக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று கேட்டார். பிறகு நிகழ்ச்சி நிரலை எடுத்து, பிறக்க முன்னம் செத்தவீடு கொண்டாடுவதற்குச் சமம் என்று அரை மணித்தியாலம் விளக்கினார். அவர் விளக்குகிறபோது நான் வழமையாக அலுமாரியைத் துடைப்பேன்.

வாசிப்பு மாத நிறைவு விழா அன்று நல்ல மழை. மண்டபம் நிரம்பியிருந்தது, ஒதுங்க வேறு இடமில்லை. பிரதம விருந்தினர் பிரதாபன் என்று ஒரு பணிப்பாளர். எதற்குப் பணிப்பாளர் என்று அழைப்பிதழில் இல்லை, எங்களில் எவருக்கும் தெரியவும் இல்லை. போன் எடுத்தால் கிட்ட வந்துவிட்டேன் என்றார். எத்தனையோ மைல் தள்ளியிருக்கிற ஆனையிறவின் காற்று போனில் ஊளையிட்டது. விளக்கு ஏற்றாமல், எண்ணெய் மட்டும் ஊற்றிவைத்துக்கொண்டு இருந்தோம். பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். யூலிற்றா அக்கா கூடையை மடியில் எடுத்து வைத்துவிட்டார், பஸ்ஸுக்கு நேரமாகிறது. சனத்தைச் சமாளிக்க யாராவது ஏதாவது கதையுங்கோ என்று சேர் சொன்ன அந்த இடைவெளியில் விமலா அக்கா மேடையில் ஏறி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். இப்ப நன்றியுரை," என்றார்.

மண்டபம் எழும்பியது. ஒருவர் மிச்சமில்லாமல் எழும்பினார்கள். இன்னும் விளக்கே ஏற்றவில்லை என்று சேர் கத்தினது கதிரைச் சத்தத்தில் அமுங்கிப்போனது. எனக்கும் புத்தி வேலை செய்வதற்கு முன் கை வேலை செய்து பொதிப் பெட்டியைத் திறந்துவிட்டது. விமலா அக்கா அந்த நேரத்திலாவது யூலிற்றா என்று சொல்லியிருக்கலாம். இல்லை, ஒழுங்கு பிசகக்கூடாதாம். இன்னும் வந்து சேராத பிரதம விருந்தினருக்கு முதல் நன்றி, இன்னும் பேசாத தலைவருக்கு இரண்டாவது நன்றி. ஆசியுரைக்காரருக்கான நன்றிக்கு அவர் வருகிறபோது யூலிற்றா அக்கா என் கையிலிருந்து பொதியை வாங்கிக் கூடைக்குள் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிவிட்டார்.

பிரதாபன் ஐயா வந்தது அதற்குப் பிறகு. ஈரக் கதிரைகளைப் பார்த்துவிட்டு, சனம் இனித்தான் வருமோ என்று கேட்டார். வந்து போய்விட்டது என்பதைச் சொல்லாமல் சேர் தீப்பெட்டியை நீட்டினார். விளக்கு ஏற்றினோம். வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை எல்லாம் மேடையில் இருந்தவர்கள் மேடையில் இருந்தவர்களுக்கே நிகழ்த்தினார்கள். முன்வரிசையில் விமலா அக்கா மட்டும் இருந்து ஒவ்வொருவருக்கும் கைதட்டினார். பணிப்பாளர் ஐயா வாசிப்பின் மகிமையைப் பற்றி நீளமாகப் பேசி முடித்துத் தன் கதிரையில் போய் இருந்தார். இருந்தவர் எழும்பவில்லை.

அப்போதுதான் எங்களுக்கு வில்லங்கம் விளங்கியது. நன்றி சொல்லாமல் பிரதம விருந்தினரை அனுப்ப முடியாது, சொல்லாமல் அவர் எழும்பவும் மாட்டார். நன்றி ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. சேர் சொல்லலாம் என்றால், நன்றி பெறுகிறவர்களில் அவரும் ஒருவர், தனக்குத் தானே எப்படிச் சொல்வது? என்னைச் சொல்லச் சொன்னார். அது என் கடமைப் பட்டியலில் இல்லை என்றேன். சேர் விமலா அக்காவிடம் போய்க் குனிந்து நின்று கேட்டார். வாழ்நாளில் அவர் குனிந்து நான் பார்த்தது அன்றுதான்.

"நான் சொல்லிட்டன் சேர். இன்னொருக்கா சொல்ல வேணுமெண்டால் யூலிற்றா அந்தக் கதிரையில இருக்க வேணும்," என்றார் விமலா அக்கா.

மேடையில் பணிப்பாளர் ஐயா, நேரத்தைப் போக்க, தன் உரையை மறுபடி ஆரம்பித்தார்.

நான் ஸ்கூட்டியை எடுத்தேன். பின்னால் மயில்வாகனம் சேர், ஒரு கையில் குடை, ஒரு கையில் வேட்டித் தலைப்பு. நல்ல காலமாக மழையில் கடைசி பஸ்ஸும் பிந்தித்தான் வெளிக்கிட்டிருந்தது, வெளிக்கிட்டாலும் எந்தச் சந்தியிலும் நின்று ஆள் பார்த்துத்தான் போகும். இரண்டாவது சந்தியில் பிடித்துவிட்டோம். யூலிற்றாவை இறக்கிவிடச் சொல்லிச் சேர் கேட்க, கொண்டக்டர் டிலக்ஸன், இது கடைசி பஸ், அன்ரியை இறக்கினால் பிறகு எப்படி வீட்டை போவா என்று கேட்டான். நியாயம்தான். அப்படியென்றால் பஸ்ஸையே திருப்பு என்றார் சேர். சாரதி சேரிடம் படித்தவர், அவர் வகுப்பில் முழங்காலில் நின்றவர். உடனே பஸ்ஸைத் திருப்பினார்.

பயணிகள் எல்லாரும் மண்டபத்துக்குள் வந்தார்கள். பாதிப் பேர் எங்கள் சபையோர்தான், மிச்சம் சந்தைச் சனம். உர மூட்டையோடு ஒருவர், சேவலோடு ஒருவர், கண்ணாடி பொருத்தின மாதா படத்தோடு ஒரு பெண். வாசலில் என்னிடம் மறுபடி கை நீட்டினார்கள். பொதி முடிந்துவிட்டது என்றேன், முறைத்தார்கள். இவ்வளவு சனத்தைக் கண்ட பணிப்பாளர் ஐயாவுக்குப் புது உற்சாகம் வந்து, மூன்றாவது தரம் ஆரம்பித்தார். டிலக்ஸன் பின்னால் நின்று தகரக் கதவில் இரண்டு தட்டுத் தட்டினான். பஸ்ஸை எடுக்கச் சொல்லித் தட்டுகிற அதே தட்டு. ஐயா கதிரையில் இருந்துவிட்டார்.

விமலா அக்கா மேடையில் ஏறினார். இந்த முறை எவரும் எழும்பவில்லை, பஸ் சாரதியும் உள்ளேதான் இருக்கிறார், எழும்பி எங்கே போவது? யூலிற்றா அக்காவை மூன்றாம் வரிசையில் பிடித்து இருத்தியிருந்தோம். இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்திருக்கிறோம், இது சரிவராவிட்டால் சாரங்காவின் கலியாணத்துக்கு அவர் வரப்போவதில்லை.

"யூலிற்றா," என்று தொடங்கினார். ஒழுங்கெல்லாம் போய்விட்டது. "இந்த நூலகம் உன்ர குசினியில துவங்கினது. மழையில புத்தகங்களைக் காத்தது நீ. இந்த மேடையில நிண்டு, எல்லாருக்கும் முன்னால, உனக்கு என்ர மனமார்ந்த நன்றியை..."

"நிப்பாட்டு விமலா," என்று யூலிற்றா அக்கா எழும்பினார்.

சேவற்காரர் சேவலின் சொண்டைப் பொத்திப் பிடித்தார்.

"நீ வருஷா வருஷம் சொல்லுறது எனக்குக் கேக்கிறதுதான். உங்கட லவுட்ஸ்பீக்கர் பஸ் ஸ்ராண்டைப் பாத்துத்தானே கட்டிக் கிடக்கு. லவுட்ஸ்பீக்கர்காரனுக்கு நன்றி, கதிரைக்காரனுக்கு நன்றி, பிறகு யூலிற்றாவுக்கு நன்றி. முதல்தரம் கேட்டோடன எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு. ஒரு சட்டியில திண்டனாங்கள். உன்ர பிள்ளைக்கு நான் சோறு தீத்தினனான். வாடகைக்குக் கதிரை குடுத்தவனோட என்னையும் நிப்பாட்டி, நன்றி சொல்லிக் கைகழுவி விட்டிட்டாய் எண்டு நினைச்சன். வீட்டு ஆக்களுக்கு ஆராவது நன்றி சொல்லுவினமே?"

விமலா அக்கா ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றார். கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. இத்தனை வருஷமாக, அத்தனை விழாவிலும், பொங்கலென்றும் ஒளிவிழாவென்றும் பாராமல், பாசத்தோடு இந்த மனுசியை வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறோம். நானும் பக்கத்தில் நின்று ரோல்ஸ் கொடுத்திருக்கிறேன். எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

"அப்ப நான் என்னடி சொல்லுறது?" என்றார் விமலா அக்கா. அதுவும் ஒலிபெருக்கியில் போனது.

"ஒண்டும் சொல்லாதை. இறங்கி வா. நாயாத்தில வந்து ரெண்டு நாள் நிண்டிட்டுப் போ. கலியாணத்துக்கு என்ன காய்ச்சிறதெண்டு இருந்து கதைப்பம்."

விமலா அக்கா ஒலிவாங்கியை நிலத்திலேயே வைத்துவிட்டு இறங்கினார். அவர் இறங்க, உர மூட்டைக்காரரும் சேவற்காரரும் மாதா படப் பெண்ணும் பின்னால் எழும்பினார்கள். மேடையில் பணிப்பாளர் ஐயா, விழா முடிந்துவிட்டதா, தான் எழும்பலாமா என்று கேட்டார். இன்னும் நன்றி சொல்லவில்லை ஐயா, கொஞ்சம் இருங்கோ என்றார் மயில்வாகனம் சேர். அவர்கள் இருந்தார்கள். நான் வாசலுக்குப் போனேன்.

மழை விடவில்லை. பஸ்ஸின் மிதிபலகையில் ஏறி நின்ற யூலிற்றா அக்கா, கீழே நின்ற விமலா அக்காவின் கையில் தன் மீன்கூடையைத் திணித்தார்.

"இதைப் பிடி. நிண்டு அழாமல் ஏறு," என்றார்.

விமலா அக்கா கூடையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.